செல்போனோடு சிங்கப்பூர் போவோர் கவனத்திற்கு

வெளிநாடு போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல நம் ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது. பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்றே மேல் வீட்டு சார் இறங்கி வந்து, ஊறுகாய் பாட்டிலை எத்தனை பிளாஸ்டிக் கவருக்குள் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். டெக்சாஸில் இருக்கும் மச்சான் இமிக்ரேஷனில் எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதுவரை பாடம் எடுப்பார். செல்போனைப் பற்றிக் கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே குரலில் 'அங்க போய்ப் பாத்துக்கலாம்' என்கிறார்கள். அந்தக் குறையை நீக்கத்தான் இந்தக் கையேடு. சென்னையில் விமானம் ஏறி, நான்கு இரவு ஐந்து பகல் பேக்கேஜில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகும் தமிழருக்காக எழுதப்பட்டது. இதில் சொல்லியிருப்பதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தால், சிங்கப்பூரைப் பார்க்காமலேயே பத்திரமாகத் திரும்பி வரலாம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். விசாவும் டிக்கெட்டும் உங்களுக்குத்தான். உங்கள் நம்பருக்கு இல்லை. அது அம்பத்தூரிலோ அருப்புக்கோட்டையிலோ எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கும். நீங்கள் எவ்வளவு தூரம் போனாலும் ஒவ்வொரு அழைப்பும் ஒவ்வொரு படமும் அங்கே போய்த் தலையைக் காட்டிவிட்டுத்தான் உங்களிடம் வரும். அதற்கான பஸ் சார்ஜை நீங்கள் கொடுக்கிறீர்கள். ரோமிங் என்பது இவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் கஸ்டமர் கேரை அழைத்து ரோமிங் பேக் பற்றி விசாரிக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அழையுங்கள், தப்பில்லை. தமிழுக்கு ஒன்றை அழுத்துங்கள். காலர் ட்யூனுக்கு இரண்டு, பழைய பாட்டுக்கு மூன்று, கிரிக்கெட் ஸ்கோருக்கு நான்கு என்று போய்க்கொண்டே இருக்கும். ரோமிங்குக்கான எண் வருவதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்துவிடும். கடைசியில் ஒரு பெண் வந்து, 'உங்களுக்கு வேறு ஏதாவது உதவி தேவையா சார்?' என்று கேட்பார். முதல் உதவியே இன்னும் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லாமல் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். அதுதான் மரியாதை.

பேக் போட்டாலும் விவரங்களைப் படிக்கக் கூடாது. படித்தால் பயணத்தில் ஒரு சுவாரஸ்யமும் மிஞ்சாது. இன்கமிங் இத்தனை நிமிஷம், இந்தியாவுக்கு அவுட்கோயிங் இத்தனை நிமிஷம், 'லோக்கல்' அவுட்கோயிங் இத்தனை நிமிஷம் என்று போட்டிருப்பார்கள். லோக்கல் என்றால் சிங்கப்பூர் நம்பர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முந்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உங்கள் மனைவியின் நம்பர் லோக்கல் அல்ல. இதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம். மேலும் அந்த பேக் சிங்கப்பூரில் எந்த நெட்வொர்க்கில் செல்லுபடியாகும் என்று ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். போனை 'ஆட்டோமேட்டிக்'கில் விட்டுவிட்டால் அது தனக்குப் பிடித்த டவரைத் தானே பிடித்துக்கொள்ளும். பேக் ஒரு கம்பெனிக்கும் டவர் இன்னொரு கம்பெனிக்கும் அமைந்தால், பேக்கின் காசு தனி, பேச்சின் காசு தனி.

ப்ரீபெய்டு வைத்திருப்பவர்கள் கோழைகள். இருக்கிற காசு தீர்ந்ததும் போன் ஊமையாகிவிடும், கதை அதோடு முடிந்தது. நிஜமான விறுவிறுப்பு போஸ்ட்பெய்டில்தான். அங்குள்ள கம்பெனி கணக்கெழுதி இங்குள்ள கம்பெனிக்கு அனுப்பி, இங்குள்ளவர்கள் அதன் மேல் வரியைப் போட்டு உங்களுக்கு அனுப்புவதற்குள், நீங்கள் வாங்கி வந்த சாக்லேட்டை அக்கம்பக்கத்தில் கொடுத்து முடித்திருப்பீர்கள். அந்தச் சமயத்தில் வரும் பில்லுக்கு ஒரு தனி மகிமை உண்டு.

கார்டு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவும் கடைசியில் போனிடம்தான் வந்து நிற்கும். 2020 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் டெபிட், கிரெடிட் கார்டுகள் உள்நாட்டில் மட்டுமே வேலை செய்யும்படிதான் வருகின்றன. வெளிநாட்டில் தேய்க்க வேண்டுமானால் வங்கி ஆப்பில் போய் நாமே அந்தப் பொத்தானைத் திறந்துவிட வேண்டும். இதை வீட்டில் சோபாவில் உட்கார்ந்து அரை நிமிஷத்தில் செய்யலாம். செய்யாதீர்கள். செந்தோசாவில் டிக்கெட் கவுன்டருக்கு முன்னால், பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது செய்வதில் இருக்கும் பரபரப்பு சோபாவில் வராது. ஆப்பைத் திறக்க நெட் வேண்டும், பொத்தானைத் திறக்க ஓடிபி வேண்டும், ஓடிபி வர சிம் வேண்டும், சிம் பர்ஸில் இருக்கிறது, பர்ஸ் ஹோட்டலில் இருக்கிறது. யுபிஐ ஆப்களிலும் இதே கதைதான். வெளிநாட்டு வசதியைத் தனியாக ஆக்டிவேட் செய்ய வேண்டும், அதுவும் எடுத்துக்கொள்ளும் கடைகளில் மட்டும். 'சிங்கப்பூர்லயும் நம்ம க்யூஆர் வந்தாச்சு' என்று செய்தி படித்துவிட்டு, தேக்கா மார்க்கெட்டில் பார்க்கிற ஒட்டுத்தாளையெல்லாம் ஸ்கேன் செய்துகொண்டிருந்தால், ஏதாவது ஒரு கட்டத்தில் மீன்கடைக்காரர் என்ன வேணும்னு கேட்பார்.

விமானத்தில் ஏறியதும் போனை ஃப்ளைட் மோடில் போடச் சொல்வார்கள். பைலட்டுக்குத் தொந்தரவாக இருக்கும் என்பதால் சொல்கிறார்கள் என்று நினைத்து, 'நம்ம ஒரு போனால என்ன ஆகிடப்போகுது' என்று பலர் அப்படியே பையில் போட்டுவிடுகிறார்கள். இப்போது சில விமானங்களுக்குள்ளேயே குட்டி டவர் உண்டு. 2008 மார்ச்சில் துபாயிலிருந்து காசாபிளாங்கா போன எமிரேட்ஸ் விமானத்தில் இந்த வசதி தொடங்கியது. ரோமிங்கைத் திறந்துவைத்த போன் பைக்குள் சும்மா இருக்காது. அந்த டவரைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும். அதற்கு நாட்டு பேக் பொருந்தாது, ஆகாய பேக் என்று தனியாக உண்டு. அந்தமானுக்கு மேலே நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது உங்கள் போன் தன் ஆப்களை அப்டேட் செய்துகொள்ளும்.

சாங்கியில் சக்கரம் தரையைத் தொட்டதும், பெல்ட்டைக் கழற்றாதீர்கள் என்று அறிவிப்பு வரும்போதே, முன்னும் பின்னும் டிங் டிங் என்று கேட்கும். உங்கள் சிம் ஊர்க்காரர்களிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அதற்குள் 15 இலக்க எண் ஒன்று இருக்கிறது. முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும்: சிங்கப்பூர் சிம்முக்கு 525, நம்முடையதற்கு 404 அல்லது 405. 404-ஐப் பார்த்ததும் சிங்கப்பூர் நெட்வொர்க், பெண் வீட்டார் மாப்பிள்ளையை விசாரிப்பதுபோல, உங்கள் கம்பெனியிடம் கேட்கிறது: பையன் உங்க பையன்தானா, ரோமிங் உண்டா, இவரை நம்பிப் பேசவிட்டால் காசு வருமா. 'எங்க பையன்தான், தாராளமா விடுங்க' என்று சென்னையிலிருந்து பதில் வந்த பிறகுதான் உங்களுக்குக் கம்பிகள் தெரிகின்றன. இவ்வளவும் நீங்கள் மேலே இருக்கும் பையை இழுத்து அடுத்தவர் தலையில் போடுவதற்குள் முடிந்துவிடும்.

இப்போது பேச ஆரம்பிக்கலாம்.

இந்தக் கையேட்டின் முக்கியமான அத்தியாயம் முஸ்தஃபா சென்டரில் நடக்கிறது. சையத் ஆல்வி ரோட்டில் உள்ள அந்தக் கடைக்குள் நுழைகிற எந்தத் தமிழ்க் குடும்பமும் ஒன்றாக வெளியே வந்ததில்லை. பத்து நிமிஷத்தில் மனைவி ஒரு தளத்தில், கணவர் ஒரு தளத்தில், பிள்ளைகள் எங்கே என்று தெரியாது. கணவர் போனை எடுக்கிறார்.

"எங்க இருக்க?"

"மேல, மளிகை சாமான் இருக்கிற இடத்துல. நீங்க?"

"கீழ. வாட்ச் பாத்துட்டு இருக்கேன்."

"ஏங்க, புளி வாங்கட்டுமா?"

"சிங்கப்பூர் வந்து எதுக்குப் புளி?"

"வாங்கல. விலை பாத்தேன், அதான் கேட்டேன்."

இந்தப் புளி போன பாதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கணவரின் நம்பர் இந்திய நம்பர். அவர் அழைப்பதும் இந்திய நம்பர். ஆகவே சிங்கப்பூர் நெட்வொர்க் அந்த அழைப்பை ஒழுங்கு மரியாதையாக இந்தியாவுக்கு அனுப்புகிறது. இங்கே மனைவியின் கம்பெனி ஏட்டைப் புரட்டி, 'அம்மா ஊர்ல இல்லையே, சிங்கப்பூர் போயிருக்காங்க' என்று கண்டுபிடித்து, அதே அழைப்பைத் திரும்ப சிங்கப்பூருக்கே அனுப்புகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002-லேயே போட்ட கடலடிக் கேபிள் ஒன்றின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். எந்த வழியில் போனாலும் தூரம் அந்தக் கணக்குதான். தலைக்கு மேலே ஒரு தளம் தள்ளி நிற்கும் மனைவிக்கு 'எங்க இருக்க' என்பது போக ஒரு முறை, வர ஒரு முறை கடலைத் தாண்டிப் போய்ச் சேர்கிறது. 'மேல' என்ற பதிலும் அப்படியே. கணவருக்கு இந்தியாவுக்குப் பேசிய அவுட்கோயிங் சார்ஜ், மனைவிக்கு ரோமிங்கில் வாங்கிய இன்கமிங் சார்ஜ். ஒரே பேச்சுக்கு ஒரே குடும்பத்தில் இரண்டு பில். எஸ்கலேட்டர் அடியில் நின்று 'ஏய் கலா' என்று கத்தியிருந்தால் இலவசம். ஆனால் வெளிநாட்டில் கத்தக் கூடாது என்று மச்சான் சொல்லியிருக்கிறாரே.

இன்கமிங்குக்குக் காசு என்றதும் இளைஞர்கள் அதிர்ச்சி அடைகிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அடைவதில்லை. 1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசி நம் நாட்டில் செல்போனைத் தொடங்கிவைத்ததிலிருந்து 2003 வரை, போனை எடுத்தவருக்கும் காசுதான். நம்பரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் எஸ்டிடி பூத்தைத் தேடி ஓடிய தலைமுறை அது. மிஸ்டு கால் கலை அப்போது வளர்ந்ததுதான்: ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு ரிங் என்றால் கீழே வந்து கேட்டைத் திற. அந்தக் கலையைச் சிங்கப்பூரில் புதுப்பிக்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆபீஸ் கால் தவறிவிடக் கூடாது என்று 'எடுக்காவிட்டால் இன்ன நம்பருக்குத் திருப்பு' என்று கால் ஃபார்வர்டிங் போட்டு வைத்திருப்பீர்கள். ஊரிலிருந்து வரும் அழைப்பு முதலில் சிங்கப்பூருக்கு வந்து உங்கள் சட்டைப்பையில் மணி அடிக்கும். நீங்கள் சாமர்த்தியமாக எடுக்காமல் இருப்பீர்கள். அழைப்பு அங்கிருந்து திரும்பி ஊரில் உள்ள அந்த இன்னொரு நம்பருக்குப் போகும். வந்ததற்கு இன்கமிங், திரும்பிப் போனதற்கு அவுட்கோயிங். பேசாமலே இரண்டு சார்ஜ் வாங்கும் இந்த வசதி பேசினால்கூடக் கிடைக்காது. தவிர்க்க விரும்புகிறவர்கள் கிளம்பும்போதே ஃபார்வர்டிங்கை எடுத்துவிடலாம். அவர்களுக்கு இந்தக் கையேடு அவசியமில்லை.

சரி, யார் கூப்பிடுகிறார்கள்? அதுதான் கேள்வி. சிங்கப்பூர் மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு பன்னிரண்டரைக்கு, நாள் முழுக்க யுனிவர்சல் ஸ்டுடியோவில் நடந்து கால் வீங்கிப் படுத்திருக்கும்போது, இங்கே பத்து மணி. பத்து மணி என்பது நம் அடுக்குமாடிகளில் மோட்டார் போடும் நேரம். "சார், உங்க வீட்டு டேங்க் வழியுது, வால்வு சாவி எங்க சார்?" என்று கேட்கும் செகரட்டரியிடம் நான் சிங்கப்பூரில் இருக்கிறேன் என்று சொல்லிப் பயனில்லை. "அப்படியா சார், நல்லது சார், சாவி எங்க சார்?" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் கூப்பிட்டது அம்பத்தூர் நம்பரை.

பேச்சு இப்படியென்றால், டேட்டா வேறு உயரம். இங்கே நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம், போனே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். மெர்லயன் சிலைக்கு முன்னால் அறுபது படம் எடுப்பீர்கள். அந்த அறுபதையும் போன் உடனே மேகத்துக்கு அனுப்பத் துடிக்கும். இன்னொரு பக்கம் 'அன்பு உறவுகள்' வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா காலை ஐந்து மணிக்கே ரோஜாப்பூவும் சூரியனும் முருகனும் சேர்ந்த காலை வணக்கத்தைப் போட்டுவிடுவார். அதற்கு முப்பத்திரண்டு பேர் முப்பத்திரண்டு ரோஜாவால் பதில் சொல்வார்கள். ஒவ்வொரு ரோஜாவும் கடல் கடந்து வந்து உங்கள் போனில் தானாக இறங்கும். வாட்ஸ்அப் செட்டிங்கில் 'ரோமிங்கில் இருக்கும்போது எந்த மீடியாவும் வேண்டாம்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதைத் தட்டினால் பெரியப்பாவின் முருகனை மறுத்ததாகிவிடும் என்பதால் யாரும் தட்டுவதில்லை.

டேட்டாவும் பேச்சைப் போலத்தான், ஊர் வழியாகவே வருகிறது. ஆர்ச்சர்ட் ரோட்டில் நின்று, பத்தடி தள்ளி இருக்கும் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தேடினால், கேள்வி உங்கள் கம்பெனியின் இந்திய வாசல் வழியாக உலகத்துக்குள் போய், பதில் அதே வாசல் வழியாகத் திரும்புகிறது. இணையத்தின் கண்ணுக்கு நீங்கள் இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறீர்கள். அதனால்தான் ஊர் சீரியல் தடையில்லாமல் ஓடுகிறது. மரினா பேயில் லேசர் ஷோ நடக்கும்போது நேற்றைய எபிசோடைப் பார்த்து முடிக்கலாம். சீனா போகிறவர்களுக்கு இதில் நிஜமாகவே ஒரு லாபம் உண்டு. அங்கே கூகுளும் வாட்ஸ்அப்பும் உள்ளூர் சிம்மில் வராது, நம்மூர் சிம்மை ரோமிங்கில் போட்டால் பெரும்பாலும் வரும். பெருஞ்சுவரின் மேல் நின்றும் பெரியப்பாவின் ரோஜாவைப் பார்க்கலாம்.

சிக்கனக்காரர்கள் உள்ளூர் சிம் வாங்குவார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால் கொடுப்பார்கள், டேட்டா ஏராளம், விலையும் நியாயம். எல்லாம் சரி, பழைய சிம்மை எடுக்க ஊசி வேண்டும். போன் வாங்கின பெட்டியில் வந்த அந்தச் சின்ன ஊசி எந்த வீட்டிலும் இதுவரை கண்டெடுக்கப்பட்டதில்லை. மனைவியின் தோட்டைக் கழற்றிக் குத்துவார்கள். வெளியே வந்த நானோ சிம் சுண்டுவிரல் நகம் அளவுதான். அதை எங்கே வைப்பது? எனக்குத் தெரிந்த ஒரு மாமா, அவர் எதிலும் முன்ஜாக்கிரதைக்காரர், பர்ஸில் சாமி படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலத்துக்குள் வைத்தார். பத்திரமான இடம்தான். மூன்றாம் நாள் சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நின்று, நினைவில்லாமல் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசி, பேத்திக்கும் பூசிவிட்டார். சிம் அவர் செருப்புக்கும் பேத்தியின் செருப்புக்கும் நடுவே விழுந்து கிடந்ததைப் பூக்காரம்மா எடுத்துக் கொடுத்தார். துடைத்துப் போட்டதும் வேலை செய்தது. அம்மன் அருள் என்றார் மாமா. திருநீறு மின்சாரத்தைக் கடத்தாது என்று அவர் மகன் சொன்னது எடுபடவில்லை.

பழைய சிம் வெளியே வந்ததும் இரண்டு விஷயம் நடக்கும். 'உங்கள் நம்பர் மாறிவிட்டதா?' என்று வாட்ஸ்அப் கேட்கும். ஆமாம் என்று தட்டினால், சிங்கப்பூர் நம்பருக்குக் குடிபெயர்ந்து, ஐந்தே நாளில் செத்துப்போகும் அந்த நம்பரோடு சேர்ந்து நீங்களும் தொலைந்துபோவீர்கள். இரண்டாவது, உங்களுக்கு ஓடிபி வருவது நிற்கும். நின்ற அந்த நொடியிலிருந்து உலகத்தில் உள்ள எல்லாருக்கும் உங்கள் ஓடிபி தேவைப்பட ஆரம்பிக்கும். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி நம்பர் கேட்பார். கூரியர்காரர் கேட்பார். எல்ஐசி பிரீமியத்துக்கு அன்றுதான் கடைசித் தேதி. அப்பாவின் பென்ஷன் கணக்கு உங்கள் நம்பரில் இருக்கும். இத்தனை நாள் சிம் போனுக்குள் இருந்தபோது வாரத்துக்கு ஒன்று வந்தது.

விவரமானவர்கள் இரட்டை சிம் போனில் ஊர் சிம்மை ஓடிபிக்காக மட்டும் உள்ளே வைத்து, அதன் டேட்டாவை அணைத்துவிட்டு, இன்னொன்றில் உள்ளூர் சிம்மோ ஈசிம்மோ போட்டுக்கொள்கிறார்கள். ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசில்லை. இது நல்ல ஏற்பாடுதான், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இங்கே ஒரு பத்திக்கு மேல் இதற்கு இடம் கொடுக்கவில்லை. போனில் சேமித்து வைத்திருக்கும் நம்பர்களுக்கு முன்னால் +91 போட்டுவைப்பதும் இதே ரகம். சிங்கப்பூர் நம்பர் எட்டு இலக்கம், நம்முடையது பத்து. +91 இல்லாமல் அம்மா நம்பரைத் தட்டினால் அங்குள்ள நெட்வொர்க்குக்கு உங்கள் அம்மாவைத் தெரியாது.

சார்ஜர். சிங்கப்பூர்ச் சுவரில் இருப்பது மூன்று சதுரக் கால் பிளக். நம்முடையது உருண்டைக் கால். மின்சாரம் 230 வோல்ட், நம் ஊர்க் கணக்குதான், சார்ஜருக்கு ஒன்றும் ஆகாது. நுழையாது, அவ்வளவே. மேல் ஓட்டையில் பேனாவைச் செருகி, மூடி திறந்ததும் கீழே இரண்டு காலையும் அழுத்திவிடும் வித்தை நம் ஆட்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. உயிர்மேல் ஆசை உள்ளவர்கள் ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், ஹோட்டல் அறையில் கதவோரம் சாவி அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும் என்பது. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அட்டையை உருவிக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்குப் போங்கள். இட்லி எங்கே என்று தேடி, ரொட்டியோடு சமாதானமாகித் திரும்பி வரும்போது போனில் ஏழு சதவீதம் இருக்கும். போகும்போது ஒன்பது இருந்தது.

அந்த ஏழு சதவீதத்தில் ஊருக்கு வீடியோ கால் போட வேண்டும். மெர்லயன் 1972-ல் திறந்த சிலை, 8.6 மீட்டர் உயரம், வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதை அம்மாவுக்குக் காட்டாமல் வரமுடியாது.

"அம்மா, தெரியுதா?"

"உன் மூக்கு தெரியுதுப்பா."

"இரும்மா, திருப்புறேன். இப்ப?"

"தண்ணி கொட்டுதே. கொழாயை மூடச் சொல்லு. அது இருக்கட்டும், தண்ணி கேன்காரன் வந்திருக்கான், சில்லறை எங்க வச்சிருக்க?"

"ஃபிரிட்ஜ் மேல டப்பாம்மா. இங்க பாரும்மா, சிங்கம்."

"எந்த டப்பா?"

அழைப்பு முடியும்போது சில்லறை கிடைத்திருக்கும். சிங்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பதினொரு நிமிஷம் நின்றிருப்பீர்கள்.

குடும்பத்தில் இத்தனை கஷ்டத்துக்கும் தப்பிய ஓர் ஆள் இருப்பார். அப்பா. அவரிடம் பழைய பட்டன் போன், 2ஜி. சிங்கப்பூரில் 2ஜியை 2017 ஏப்ரல் 1-ல் மூடிவிட்டார்கள். விமானம் இறங்கியதிலிருந்து அவர் போனில் சிக்னல் இல்லை. தட்டிப் பார்த்தார், பேட்டரியைக் கழற்றி மாட்டினார், பிறகு சட்டைப்பையில் போட்டுவிட்டார். எம்ஆர்டி ஸ்டேஷனில் தமிழில் எழுதியிருந்த பெயர்களையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தவர் அவர்தான். ஐந்தாம் நாள் எங்கே எந்த பஸ் போகும் என்று டூர் கைடுக்கே சொன்னார். அவரைப் பின்பற்றச் சொல்லி இந்தக் கையேடு பரிந்துரைக்கவில்லை.

சிங்கப்பூரை முடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். துபாயில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், பேச முடியாது. அங்கே அனுமதி பெற்ற ஆப்கள் தனியாக உண்டு. ஐரோப்பாவில் 2017 ஜூன் 15 முதல் ரோமிங் இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடுங்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்து சிம் வைத்திருப்பவர்களுக்கு அவர்களுடைய நாடுகளுக்குள் மட்டும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அங்கேயே சிம் வாங்கினாலும், டூர் பஸ் சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்ததும் ஜாக்கிரதை. அது ஒன்றியத்தில் இல்லை, மலை மட்டும் நன்றாக இருக்கும். கப்பலில் போகிறவர்கள் கரை மறைந்ததும் கப்பலின் சொந்த டவருக்குள் வந்துவிடுவார்கள். அது செயற்கைக்கோள் வழியாகப் பேசும், செயற்கைக்கோள் கட்டணமே வாங்கும். அதில் மயங்கி சாட்டிலைட் போனே வாங்கிவிட்டால் ஊருக்கு மட்டும் கொண்டுவராதீர்கள். அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் அதை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்து உட்காரவைப்பார்கள், அங்கிருந்து வீட்டுக்குத் தகவல் சொல்ல வேறு போன் வேண்டும்.

பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை, ஆனாலும் ரோமிங் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்கிறவர்களும் மனம் தளர வேண்டாம். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனைவரை இப்போது பஸ்ஸே போகிறது. ரோமிங்கைத் திறந்துவைத்து அந்த முனையில் நில்லுங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் தலைமன்னார். நம்மூர் டவர் கொஞ்சம் சோர்ந்த நேரம் பார்த்து போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும், 'இலங்கைக்கு நல்வரவு' என்று எஸ்எம்எஸ் வரும். இவ்வளவு நேரம் சொன்னதற்கு நேர்மாறாக, இங்கே நம்பர் மட்டும் வெளிநாடு போய்விடும், நீங்கள் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே நிற்பீர்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் மனைவிக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். பஸ் டிக்கெட்டைவிட அதிகமாகும்.